பங்குனிக் கொழுந்து: ஆயிரம் ரூபாய்க்கு எந்த வசந்தகாலத் தேயிலை வாங்கலாம்?

பங்குனி பிறந்து நம் ஊரில் வெயில் ஏறத் தொடங்கும்போதுதான் டார்ஜிலிங் மலையில் குளிர் விட்டுத் தேயிலைச் செடி துளிர்க்கிறது. மார்ச் முழுக்கவும் ஏப்ரல் பாதி வரையும் பறிக்கிற அந்த முதல் கொழுந்தைத்தான் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்று விற்கிறார்கள். வருடாவருடம் அந்தச் சமயத்தில் டீ பிடித்த நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி வருகிறது: "ஆயிரம் ரூபாய் வரை செலவு பண்ணலாம் என்று இருக்கிறேன். எதை வாங்க, எங்கே வாங்க?"

டார்ஜிலிங், அதை ஒட்டிய நேபாளம், சீனாவின் லாங்ஜிங், ஜப்பானின் ஷின்ச்சா ஆகிய பச்சைத் தேயிலைகள், நம் நீலகிரியின் பனிக்காலத் தேயிலை என்று இதற்கு ஐந்து பதில்கள் இருக்கின்றன. பத்து வருடமாக மாற்றி மாற்றி வாங்கிக் குடித்ததில் என் முடிவு இது: முதல்முறை வாங்குகிறவர் டார்ஜிலிங் வாங்கட்டும், ஒரே பொட்டலமாக இல்லாமல் 50 கிராம் வீதம் இரண்டாக. தினமும் குடிக்கத் தேவை என்றால் நேபாளம். மற்ற மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் வேண்டும், அதையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பால் ஊற்றினால்தான் டீ என்று நினைக்கிறவர் இதில் எதையும் வாங்க வேண்டாம். நல்ல அசாம் டீயோ நீலகிரி டஸ்ட்டோ பாலோடு சேர்ந்து தருகிற திடத்தில் பாதிகூட இந்தக் கொழுந்தில் கிடையாது. பாலை ஊற்றிய அடுத்த நொடி, எதற்காகக் காசு கொடுத்தோமோ அந்த மணம் போய்விடும்.

சரி, அப்படி என்ன இருக்கிறது இந்த முதல் கொழுந்தில்? டார்ஜிலிங்கில் நவம்பர் கடைசியோடு பறிப்பு நின்றுவிடும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என மூன்று மாதம் செடி உறங்குகிறது. கவாத்து செய்வதும் அப்போதுதான். அந்த மாதங்களில் வேரில் சேர்ந்த சத்து முழுவதும் முதல் துளிருக்குப் போகிறது. இரவில் இன்னும் குளிர் இருப்பதால் துளிர் மெல்லத்தான் வளரும். மெல்ல வளர்ந்த இலையில் மணம் தருகிற பொருள்களும், நாக்கில் இனிப்பாக உட்காருகிற தியானைன் என்ற அமினோ அமிலமும் அடர்ந்திருக்கும். மழைக்காலத்தில் மடமடவென்று வளர்கிற இலையில் இவை நீர்த்துப்போகின்றன. இது செடியின் பங்கு.

மீதி தொழிற்சாலையில் நடக்கிறது, பலரும் கவனிக்காத இடம் அது. பறித்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று செலுத்தி இரவெல்லாம் வாடவிடுவார்கள். சாதாரணக் கறுப்புத் தேயிலைக்கு வாடவிடுவதைவிட ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷை மிகவும் கடுமையாக வாட்டுவார்கள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை போய்விடும். இவ்வளவு காய்ந்த இலையை உருட்டினாலும் அது முழுதாகக் கறுக்காது. அதனால்தான் பெயருக்குக் கறுப்புத் தேயிலையாக இருந்தும், பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பச்சையும் பழுப்பும் வெள்ளி மொட்டுமாகக் கலந்து கிடக்கிறது. வடித்தால் வெளிறிய பொன் நிறம். மணம் பூவும் பச்சைத் திராட்சையும் சேர்ந்தது போல இருக்கும், சில தோட்டத்து டீயில் ஈரக் கல்லின் வாசனைகூட வரும். விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு நிற்கும். முதல்தடவை குடிக்கிற பலருக்கு அந்தத் துவர்ப்பு பிடிப்பதில்லை. மூன்றாவது கோப்பையில் அதைத் தேடத் தொடங்குவார்கள்.

டார்ஜிலிங் என்று சொன்னாலும் அதற்குள்ளேயே தேர்வு இருக்கிறது. 1841-ல் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் அங்கே தேயிலை நட்டுப் பார்த்ததிலிருந்து தொடங்கிய கதை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீன விதையிலிருந்து வளர்த்த செடிகள் பல சரிவுகளில் இன்றும் நிற்கின்றன. இவற்றின் டீயை 'சைனா' என்று குறித்து விற்பார்கள். இன்னொரு வகை, ஒரே தாய்ச்செடியின் கிளையிலிருந்து பெருக்கிய குளோனல். அதில் ஏவி2 என்ற ரகம் பேர் பெற்றது. ஏவி2 டீயில் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே நிற்பது போலப் பூ மணம் தூக்கலாக இருக்கும், இனிப்பும் உண்டு, யாருக்குக் கொடுத்தாலும் உடனே பிடிக்கும். சைனா அப்படி இல்லை. மணம் அடங்கித்தான் இருக்கும். ஆனால் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிவைத்த பிறகும் தொண்டையில் தங்கும். என் ஓட்டு சைனாவுக்கு. வீட்டில் மற்றவர்கள் ஏவி2 பக்கம். அதனால்தான் முதல்முறை வாங்குகிறவரை ஒரே பொட்டலமாக 100 கிராம் வாங்க வேண்டாம் என்கிறேன். 50 கிராம் சைனா, 50 கிராம் குளோனல். உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும், அடுத்த வருடம் ஆர்டர் கொடுப்பது சுலபமாகிவிடும்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டம் பெயர் போட்ட நல்ல ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷுக்கு 100 கிராமுக்கு அறுநூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து இருநூறு வரை நான் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேலும் இருக்கிறது. 'மூன்லைட்', 'வொண்டர்' என்றெல்லாம் பெயர் வைத்த சிறு தொகுதிகள் இரண்டு மூன்று மடங்கு விலையில் வரும். தொடங்குகிறவருக்கு அவை தேவையில்லை. கேட்கும்போது விலை மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் போதும், 100 கிராமில் நாற்பது கோப்பை. எண்ணூறு ரூபாய்ப் பொட்டலம் என்றால் கோப்பைக்கு இருபது ரூபாய். நல்ல இலையை இரண்டாம் முறையும் வடிக்கலாம், அப்போது பத்து ரூபாயாகிறது. அந்தப் பத்து ரூபாய்க்குள் இருக்கிற உழைப்பையும் நினைக்க வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், அதற்கு ஏறத்தாழ இருபதாயிரம் முறை ஒரு பெண்ணின் விரல்கள் கிள்ளியிருக்க வேண்டும், செங்குத்தான சரிவில், முதுகில் கூடையோடு.

இலை அரிதாகிக்கொண்டும் வருகிறது. ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒரு கோடி கிலோவுக்கு மேல் விளைந்த மாவட்டத்தில் இப்போது எழுபது லட்சத்துக்கும் கீழே. செடிகளுக்கு வயதாகிவிட்டது, குளிர்கால மழை பொய்க்கிறது, வேலைக்கு ஆள் வருவதில்லை. 2017-ல் தனி மாநிலம் கேட்டு நடந்த கூர்க்காலாந்து போராட்டத்தில் 104 நாள் மலை முழுதும் அடைபட்டுக் கிடந்தது. அந்த வருடத்து இரண்டாம் பறிப்பான செகண்ட் ஃப்ளஷ்ஷில் பெரும்பகுதி செடியிலேயே முற்றிப்போனது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அப்போது எட்டிப் பார்த்த இடம்தான் நேபாளம்.

எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் பார்த்தால் நேபாளத்து இலாமும் டார்ஜிலிங் பக்கத்து மிரிக்கும் ஒரே மலைத்தொடர். இலாமில் 1863-லேயே தேயிலை நட்டுவிட்டார்கள். ஆனால் இன்று நல்ல டீ தருகிற நேபாளத் தோட்டங்களில் பெரும்பாலானவை புதியவை, செடிகளுக்கு இளம் வயது, பறிப்பதில் பெரும்பங்கு சிறு விவசாயிகளுடையது. தன்குட்டா மாவட்டத்து ஹிலேயில் இருக்கிற ஜுன் சியாபாரி போன்ற சிறிய தோட்டங்கள் இலையை உருட்டுவதிலும் வாட்டுவதிலும் துணிந்து சோதனை செய்கின்றன. சுவையில் நேபாள முதல் கொழுந்து டார்ஜிலிங்கைவிடக் கொஞ்சம் மென்மை, துவர்ப்பு குறைவு, இனிப்பு கூடுதல். கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் நான் இரண்டில் ஒருமுறை தவறாகச் சொல்லியிருக்கிறேன். விலையோ டார்ஜிலிங்கில் பாதியிலிருந்து முக்கால் பங்குதான் வருகிறது. தினம் காலையில் ஒரு கோப்பை என்று வைத்துக்கொள்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வசந்தகாலத் தேயிலை இந்தியாவில் கிடைக்காது. பெரிய குறை, நேபாள டீயை நேபாள டீ என்றே சொல்லி விற்கிற கடைகள் குறைவு என்பது. எல்லை தாண்டி வந்து டார்ஜிலிங் பெயரில் விலை ஏறிப்போகிற இலை நிறைய. அதனால் இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம்: டார்ஜிலிங் தொழிலாளியின் கூலிக்கு அடிப்படையான விலை சரிகிறது, நேபாள விவசாயியின் உழைப்புக்குப் பெயரே இல்லாமல் போகிறது. நேபாளம் என்று வெளிப்படையாக எழுதி விற்கிறவரிடம் வாங்குவதை நான் ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறேன்.

இடையில் சிக்கிமின் தேமி தோட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மாநில அரசு நடத்துகிற தோட்டம். டார்ஜிலிங் சாயலில் கொஞ்சம் உருண்டையான சுவை. கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம்.

சீனாவுக்கு வருவோம். ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரியைச் சுற்றிய மலைகளில் விளைகிற லாங்ஜிங் பச்சைத் தேயிலை. ஏப்ரல் 4 அல்லது 5-ல் வருகிற சிங்மிங் நாளுக்கு முன்னால் பறித்தது 'மிங்சியன்'. அதற்குத்தான் உச்ச விலை. ஏப்ரல் 20 வாக்கில் வருகிற குயூ என்ற பருவநாள் வரை பறித்தது அடுத்த தரம். சூடான இரும்புச் சட்டியில் வெறும் கையால் அழுத்தி அழுத்தி வறுப்பதால் இலை கத்தி போலத் தட்டையாக இருக்கும். வறுத்த கடலையும் வெந்த பச்சைப் பட்டாணியும் கலந்த மணம். அருமையான டீ, மறுக்கவில்லை. ஆனாலும் ஆயிரம் ரூபாய்க்காரருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். உண்மையான மேற்கு ஏரி மிங்சியன் அந்தக் காசுக்குச் சீனாவிலேயே நியாயமான அளவு கிடைக்காது. முன்னதாகத் துளிர்க்கிற வேறு ரகங்களை அதே மாதிரி தட்டையாக வறுத்து லாங்ஜிங் என்று விற்பது அங்கே ரொம்ப நாள் வழக்கம். கூடவே, சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வணிகமாக இறக்குமதியாகிற தேயிலைக்கு அடிப்படைச் சுங்க வரியே 100 சதவீதம். கடை விலையில் பாதிக்கு மேல் இலைக்குப் போவதில்லை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற வாசகர்களுக்குக் கணக்கு வேறு. சீன டீக்கடைகள் கைக்கெட்டும் தூரத்தில், ருசி பார்த்து வாங்கலாம். அவர்கள் குயூவுக்கு முந்தைய லாங்ஜிங்கை எடுத்தால் விலையும் சுவையும் ஒத்துப்போகும்.

ஜப்பானின் ஷின்ச்சா இன்னும் அவசரமான டீ. வசந்தம் தொடங்குகிற பிப்ரவரி 4-ஐ ஒட்டிய நாளிலிருந்து எண்பத்தெட்டாவது இரவு, அதாவது மே 2 வாக்கில், பறிப்பதை அங்கே மங்கலமாகக் கருதுகிறார்கள். தெற்கே ககோஷிமாவில் அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே பறிப்பு தொடங்கிவிடும். தேயிலை உற்பத்தியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவை 2024-ல் ககோஷிமா முந்தியது. இலையை ஆவியில் வேகவைப்பதால் கீரை மாதிரிப் பச்சை மணமும் கடல்பாசியின் ருசியும் வரும். நம் நாக்குக்கு இது கொஞ்சம் தூரம். உறையைப் பிரித்தால் ஒரு மாதத்தில் தீர்த்துவிட வேண்டும், நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் இன்னும் சீக்கிரம். ஜப்பானிலிருந்து யாராவது மே மாதம் ஊருக்கு வருகிறார்கள் என்றால் ஒரு பொட்டலம் கேட்டு வாங்குங்கள். கடையில் எப்போதோ வந்து இருக்கிற ஷின்ச்சாவை வாங்காதீர்கள்.

நீலகிரிக்கு நியாயமாகப் பார்த்தால் இந்த வரிசையில் இடமில்லை, அங்கே வசந்தம் என்று ஒன்று தனியாக வருவதில்லை, வருடம் முழுக்கப் பறிக்கிறார்கள். இருந்தும் சேர்க்கிறேன், ஏனென்றால் டார்ஜிலிங்கில் குளிர் செய்கிற அதே வேலையை அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி செய்கிறது. குளிர் இரவுகளில் வளர்ச்சி தடைப்பட்டு, அந்த இலைக்குத் தனி மணம் சேர்கிறது. கொரகுந்தா போன்ற உயரமான எஸ்டேட்டுகளின் பனிக்காலத் தேயிலையில் பூ மணமும் தேன் நிறமும் இருக்கும், துவர்ப்பு ரொம்பக் குறைவு. இலங்கையில் திம்புள்ளப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல பருவம், வறண்ட குளிர்காற்றினால். நீலகிரிப் பனிக்காலத் தேயிலை பாதி விலைக்கே கிடைக்கும், குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ போனால் தொழிற்சாலைக் கடையிலேயே கேட்டு வாங்கலாம். டார்ஜிலிங்கின் கூர்மை இதில் இராது. துவர்ப்பே ஆகாது என்பவர்கள் இதிலிருந்து தொடங்கட்டும்.

எதை வாங்குவது என்பதைவிட எங்கே வாங்குவது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கடையில் அக்டோபர் மாதம் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்று அழகான டப்பா வாங்கினேன். அட்டையில் 'பேக் செய்த நாள்' செப்டம்பர் என்று இருந்தது, புதிதுதானே என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வடித்தால் காய்ந்த வைக்கோல். எழுதிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, பறித்தது முந்தைய வருட மார்ச். ஒன்றரை வருடப் பழசு. சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை; அட்டையில் பேக் செய்த நாள்தான் இருந்தது, பறித்த மாதத்தை அவர்கள் போடவில்லை. அன்றிலிருந்து கடைக்காரரிடம் நான் முதலில் கேட்பது மூன்று கேள்விகள்: எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது, லாட் எண் என்ன?

லாட் எண் டிஜே 1, டிஜே 2 என்று தோட்டத்தில் அந்த வருடம் செய்த வரிசையில் போகும். டிஜே 1 என்பது அந்த வருடத்தின் முதல் தொகுதி, அவ்வளவுதான். அதுதான் சிறந்தது என்று அர்த்தமில்லை. ஆனால் விலை மட்டும் எகிறும். ஒரு மழை பெய்து மார்ச் கடைசியில் வருகிற தொகுதி பலசமயம் அதைவிட நிறைவாக இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். அதேபோல 'எஸ்எஃப்டிஜிஎஃப்ஓபி1' என்று நீளமாக எழுதியிருப்பதையும் பார்த்து மயங்க வேண்டாம். அது இலையின் அளவையும் மொட்டின் அளவையும் குறிக்கிற தரம், சுவைக்கு உத்தரவாதம் அல்ல. தேயிலை வாரியத்தின் டார்ஜிலிங் முத்திரை, கொழுந்தைக் கையில் பிடித்த பெண்ணின் முகம், இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2004-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் இது. பட்டியலில் இருக்கிற 87 தோட்டங்களின் இலைக்கு மட்டும்தான் அந்தப் பெயர் செல்லும்.

வாங்குகிற வழிகளில் என் முதல் தேர்வு தோட்டமே நடத்துகிற இணையக் கடை. கோபால்தாரா, மகைபாரி போன்றவர்கள் நேரடியாக அனுப்புகிறார்கள். பறித்த இரண்டு மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும். ஒரே குறை, அவர்களுடைய இலையை மட்டும்தான் வாங்க முடியும். பல தோட்டத்து இலையை ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், கொல்கத்தாவிலோ சிலிகுரியிலோ இருந்து அந்தந்த வருடத்து இலையை லாட் எண்ணோடு விற்கிற சிறு வியாபாரிகள் நல்லவர்கள். பத்து கிராம் சாம்பிள் கேட்டால் பலர் தருவார்கள். கொஞ்சம் காசு வாங்கினாலும் கொடுங்கள், 100 கிராம் பிடிக்காமல் போவதைவிட அது மலிவு. சூப்பர் மார்க்கெட்டில் 'டார்ஜிலிங் டீ' என்று மட்டும் எழுதிய டப்பா எல்லாப் பருவத்து இலையும் கலந்த கலவை. அதைக் குடித்துவிட்டு டார்ஜிலிங் எனக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மிகச் சிறந்த தொகுதிகள் பல ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் விமானத்தில் பறந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் மீதியிலேயே நமக்கு வேண்டிய அளவு இருக்கிறது, ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் கேட்டால்.

ஆர்டர் கொடுக்கும் முன்பே தண்ணீரைச் சரிபார்த்துவிடுங்கள். சென்னை போர்வெல் தண்ணீரில் இந்த டீயை வடித்தால் மேலே ஆடை கட்டி, மணம் அடங்கிவிடும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும். கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு, 150 மில்லிக்கு இரண்டரை கிராம், மூன்று நிமிடம். அதற்கு மேல் இலை உள்ளே கிடந்தால் துவர்ப்பு ஏறும். லாங்ஜிங்குக்கு இன்னும் ஆறட்டும், ஷின்ச்சாவுக்கு அதைவிடவும் கொஞ்சம் ஆறட்டும், நேரமும் ஒரே நிமிடம்தான்.

அப்புறம் டப்பா. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பெருங்காயமும் சாம்பார்ப் பொடியும் இருக்கிற அலமாரியில் வைத்தால் ஒரு மாதத்தில் ரசம் மணக்கிற டார்ஜிலிங் கிடைக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். பீரோவில் துணிகளுக்கு நடுவே, நாஃப்தலின் உருண்டை இல்லாத தட்டில், இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைப்பது என் வழக்கம். ஒரு பொட்டலம் தீர்ந்த பிறகே அடுத்ததைப் பிரிப்பேன். நூறு கிராமைத் தீபாவளிக்குள் குடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு குளிர்காலத்துக்கு நீலகிரி இருக்கிறது.